‘கவர் ஆகும் மேடம்’

“வாடிக்கையாளர் சேவை மையத்தில் வாய்மொழியாகத் தரப்படும் தகவல் பொதுவான வழிகாட்டுதல் மட்டுமே. பாலிசி ஆவணத்தில் உள்ள விதிகளே இறுதியானவை.”

எங்கள் செல்லியின் அறுவை சிகிச்சைக்கான கிளெய்மை மறுத்து இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தது. பணம் தர மறுத்ததைவிட இந்த வரிதான் எனக்கு அதிகக் கோபத்தை உண்டாக்கியது. சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு எண்ணைக் கொடுக்கிறார்கள். பதில் சொல்லச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னதை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுத்த பிறகு, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று எழுத இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல மாதங்கள் போராடினோம். வீட்டில் நாயோ பூனையோ வைத்து இன்சூரன்ஸும் எடுத்திருப்பவர்களுக்காக, நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

செல்லி ஒரு லாப்ரடார். ஏழு வயது. பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவளைத் தெரியும். ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து ஒரு மாதம் போல் ஆகியிருக்கும்போது திடீரென்று தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வைத்த பாத்திரம் காலியானதும் குளியலறை வாளியில் வாயை வைத்தாள். அடிக்கடி சிறுநீர் கழித்தாள். அப்புறம் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வயிறு உப்பியது போல் தெரிந்தது. உடனே தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்த டாக்டர், “கர்ப்பப்பை முழுக்கச் சீழ்ம்மா. ராத்திரியே எடுத்துடணும், உள்ளே வெடிச்சிட்டா காப்பாத்துறது கஷ்டம்” என்றார்.

அந்த நோயின் பெயர் பயோமெட்ரா. கருத்தடை செய்யாத பெண் நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாய்களுக்கு ஹீட் முடிந்த பிறகு, சினைப்பட்டாலும் படாவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பல வாரங்களுக்கு உயர்ந்தே இருக்கும். அதனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கும், கிருமிகள் வளர வசதியாகிவிடும். பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாதான். கர்ப்பப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும், நம் கண்ணில் படும். மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சீழ் உள்ளேயே தேங்கும், கிருமியின் நச்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். செல்லியின் தாகத்துக்கு அதுதான் காரணம். அவளுடையது மூடிய வகை. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதுதான் இதற்கு நம்பகமான சிகிச்சை.

அறுவை சிகிச்சைக்கு அவளைத் தயார் செய்துகொண்டிருந்த நேரத்தில் என் மகள் நிறுவனத்தின் எண்ணுக்குப் போன் செய்தாள். நோயின் பெயரைச் சொல்லி, எழுத்துக் கூட்டியும் சொல்லி, கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சை என்பதையும் சொல்லி, பாலிசியில் கவர் ஆகுமா என்று கேட்டாள். “நோய்க்கான அறுவை சிகிச்சைதானே, கவர் ஆகும் மேடம். பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரமா வெச்சுக்குங்க” என்று பதில் வந்தது.

செல்லி பிழைத்துக்கொண்டாள். ஆனால் சிறுநீரகப் பரிசோதனையில் அளவுகள் இன்னும் கூடுதலாகவே இருந்தன. தொடர்ந்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. அந்த மருத்துவமனையிலேயே உள்நோயாளியாக விட்டுவைக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குக் கூட்டிவந்து, தினமும் ஹெப்பாளுக்குக் கொண்டுபோகலாம். அங்கே 1958 முதல் இயங்கிவரும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கட்டணம் பல மடங்கு குறைவு. நான் ஹெப்பாள் போகலாம் என்றேன். தையல் போட்ட வயிற்றோடு தினமும் ஆட்டோவில் அலைக்கழிக்க வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சரி, எதற்கும் நிறுவனத்தையே கேட்டுவிடுவோம் என்று மறுபடி போன் செய்தோம். வேறொருவர் எடுத்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் உள்நோயாளியாக இருக்கும் நாட்களும் கவர் ஆகும் என்றார். அங்கேயே விட்டுவைத்தோம்.

என் மகள் அன்றிரவே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். இந்த நேரத்தில் போன் செய்தோம், இதைக் கேட்டோம், இந்தப் பதில் சொன்னீர்கள், அதன்படி நாயை மருத்துவமனையிலேயே வைத்திருக்கிறோம் என்று நாலே வரி. ‘உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதில் ஒரு பதிவு எண்ணோடு வந்தது. அதற்கு மேல் யாரும் ஒன்றும் எழுதவில்லை. பின்னால் எங்கள் கையில் இருந்த காகிதங்களிலேயே பெரிய பலம் தந்தது இந்த நாலு வரிதான்.

மொத்த பில் அறுபதாயிரத்தைத் தாண்டியது. கிளெய்ம் அனுப்பினோம். ‘கருத்தடை அறுவை சிகிச்சையும் இனப்பெருக்கம் தொடர்பான சிகிச்சைகளும் பாலிசியில் விலக்கப்பட்டவை’ என்று மறுத்துவிட்டார்கள். நான் முதலில் மேற்கோள் காட்டிய வரியும் அந்தக் கடிதத்தில்தான் இருந்தது.

எங்கள் தெருவில் பொது இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நிதானமாக இரண்டு தடவை படித்துவிட்டு, “ஏம்மா, இதுல ரெண்டு சண்டை இருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார்.

அவர் பிரித்துச் சொன்ன விதம் இதுதான். முதல் சண்டை, விதியின் பொருளைப் பற்றியது. பயோமெட்ராவுக்குச் செய்த அறுவை சிகிச்சை அந்த விலக்குக்குள் வருமா, வராதா? இதில் போனில் யார் என்ன சொன்னார் என்பது முக்கியமே இல்லை. இரண்டாவது சண்டை, தவறான தகவலைப் பற்றியது. அதில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சரியான தகவல் கிடைத்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? “கவர் ஆகாதுன்னு சொல்லியிருந்தா ஆபரேஷன் பண்ணாம விட்டிருப்பீங்களா?” என்று கேட்டார். மாட்டோம், நகையை அடகு வைத்தாவது செய்திருப்போம். “அப்போ ஆபரேஷன் செலவுக்குப் போன் பேச்சைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. அதுக்கு விதியை வெச்சுத்தான் வாதாடணும். ஆனா ஆஸ்பத்திரியில தங்க வெச்ச செலவு அவங்க பேச்சை நம்பி வந்தது. அதுக்கு மின்னஞ்சல் இருக்கு.”

எனக்கு இது மிகப் பெரிய வெளிச்சம். அதுவரை நான் எழுதி வைத்திருந்த புகாரில் செல்லி பட்ட பாடும் எங்கள் மன வேதனையும்தான் பக்கம் பக்கமாக இருந்தன. அவையெல்லாம் உண்மை. ஆனால் படிக்கிற அதிகாரி பதில் சொல்ல வேண்டிய கேள்வி எதுவும் அதில் இல்லை. பெரியவரின் யோசனைப்படி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புதிதாக எழுதினோம். எந்த எண்ணுள்ள விதியின் எந்தச் சொற்களின்படி மறுத்தீர்கள் என்று கேட்டோம். இரண்டு தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவையும் தேதி, நேரம் குறிப்பிட்டுக் கேட்டோம். பதிவு செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் அவர்களேதான் அறிவிக்கிறார்கள்.

சிகிச்சை செய்த டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பயோமெட்ரா என்பது கர்ப்பப்பையில் வரும் தொற்று நோய், சினையோடோ பிரசவத்தோடோ சம்பந்தப்பட்டதல்ல. நாய் ஆரோக்கியமாக இருக்கும்போது குட்டி போடாமல் இருப்பதற்காக உரிமையாளர் விரும்பிச் செய்துகொள்வது கருத்தடை. இது உயிரைக் காப்பாற்றச் செய்த அவசர அறுவை சிகிச்சை. இனி குட்டி போட முடியாது என்பது அதன் விளைவு, நோக்கமல்ல என்று தெளிவாக எழுதியிருந்தார். சுவீடனைப் பற்றியும் ஒரு குறிப்பு சேர்த்திருந்தார். அங்கே நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் நீண்ட காலமாகக் குறைவு, இன்சூரன்ஸ் எடுக்கும் வழக்கம் அதிகம். இன்சூரன்ஸ் பதிவுகளை வைத்து அங்கே நடந்த ஆய்வுகளின்படி, பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்துவிடுகிறது. உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் அந்தக் கணக்கே இன்சூரன்ஸ் கோப்புகளிலிருந்து வந்ததுதான். இவ்வளவு சாதாரணமாக வரும் ஒரு நோய்க்குக் கவர் கிடையாது என்றால் அதைப் பெயர் சொல்லி எழுதிவிட்டுப் போகலாமே. எங்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலில் பயோமெட்ரா என்ற பெயர் எங்கேயும் இல்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் பெரியவர் வழியாகத் தெரிந்துகொண்டேன். இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தை எழுதுவது நிறுவனம். நாம் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அதனால் ஒரு விதிக்கு இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால், அதை எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்பது பழைய சட்டக் கொள்கை. உச்ச நீதிமன்றம் 1966-இல் ஜெனரல் அஷ்யூரன்ஸ் சொசைட்டி – சந்துமல் ஜெயின் வழக்கிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. விதி தெளிவாக இருந்தால் நீதிமன்றம் நமக்காக அதைத் திருத்தி எழுதாது, அதையும் மறக்கக் கூடாது. 2019-இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் இன்னொன்று சொன்னது: விலக்கு விதிகளைப் பாலிசி எடுத்தவருக்குத் தெரிவிக்கவே இல்லையென்றால், அவற்றைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. கடிகார நிறுவனம் ஒன்றின் திருட்டு கிளெய்ம் அது. நாய்க்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் கொள்கை ஒன்றுதான்.

நிறுவனத்தின் அடுத்த பதில் வந்தது. அதில் கருத்தடை பற்றிய பேச்சையே காணோம். இப்போது புதுக் காரணம்: இது ஹார்மோன் கோளாறு, பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்திருக்கக்கூடும் என்றார்கள். ஏழு வயது வரை ஒரு குறையும் இல்லாமல், ஆண்டுதோறும் தடுப்பூசிப் புத்தகத்தில் டாக்டரின் கையெழுத்தோடு வளர்ந்த நாய் அவள். படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. பெரியவர் மட்டும் சந்தோஷப்பட்டார். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை நிறுவனம் பின்னால் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று கலாடா பவர் நிறுவனத்தின் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றார். அதனால் உங்களுக்கு வரும் முதல் மறுப்புக் கடிதம் இருக்கிறதே, அதைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் அச்செடுத்தும் வையுங்கள். நிறுவனம் எந்தக் காரணத்துக்குள் நின்று பேச வேண்டும் என்பது அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஒலிப்பதிவைத் தரவில்லை. ‘எங்கள் ஊழியர் பொதுவான தகவலைத் தந்திருக்கக்கூடும்’ என்று மட்டும் எழுதினார்கள். சொல்லவே இல்லை என்று மறுக்கவில்லை என்பதை என் மகள் அடிக்கோடிட்டு வைத்தாள்.

அதன் பிறகு வெளியே போனோம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்னும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் ‘பீமா பரோசா’ தளத்தில் புகாரைப் பதிந்தோம். 155255 என்ற எண்ணிலும் பதியலாம். புகார் நிறுவனத்துக்கே திரும்பிப் போகும், ஆனால் ஆணையத்தின் பார்வையில் இருக்கும். எங்களுக்கு இதில் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை, பழைய பதிலையே திருப்பி அனுப்பினார்கள்.

பலன் கிடைத்தது இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்க, 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி இயங்கும் அமைப்பு இது. தனிநபர் தன் பெயரில் எடுத்த பாலிசி என்றால் உயிர், மருத்துவம், வாகனம், வீடு, வளர்ப்புப் பிராணி எதுவானாலும் போகலாம். கிளெய்மை மறுத்ததற்கும் போகலாம், பாலிசி விதிகளைத் தவறாக எடுத்துச் சொன்னதற்கும் போகலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்தால், அல்லது ஒரு மாதத்துக்குள் பதிலே தராவிட்டால், அதிலிருந்து ஓர் ஆண்டுக்குள் ஓம்பட்ஸ்மேனிடம் போய்விட வேண்டும். கட்டணம் கிடையாது. வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அனுமதியும் கிடையாது, நாமேதான் பேச வேண்டும். அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தீர்ப்பு வந்தால் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தி இல்லையென்றால் அதற்குப் பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கர்நாடகத்துக்கான ஓம்பட்ஸ்மேன் அலுவலகம் பெங்களூரு ஜே.பி. நகரில் இருக்கிறது. இணையத்திலும் புகாரைப் பதியலாம்.

எங்கள் விசாரணை வீடியோ வழியாக நடந்தது. நான்தான் பேசினேன். நிறுவனத்தின் சார்பில் வந்தவர் ஹார்மோன் கோளாறைப் பற்றி நீளமாகப் பேசினார். முதல் மறுப்புக் கடிதத்தில் இந்தக் காரணம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்கப்பட்டது. இல்லை என்றார். அடுத்து எங்கள் மின்னஞ்சலுக்கு என்ன பதில் தந்தீர்கள், தகவல் தவறு என்றால் மறுநாளே ஏன் திருத்தவில்லை என்று கேட்கப்பட்டது. அதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் கேள்வி வந்தது: கவர் ஆகாது என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உள்ளதைச் சொன்னேன். அறுவை சிகிச்சையை எப்படியும் செய்திருப்போம், பிறகு அவளை ஹெப்பாளுக்குத்தான் கொண்டுபோயிருப்போம் என்றேன்.

தீர்ப்பு வரை போகவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஓம்பட்ஸ்மேன் சமரசமாகவும் முடித்து வைக்கலாம். அப்படி முடிந்தது. அறுவை சிகிச்சைச் செலவையும் உள்நோயாளிச் செலவையும் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாலிசிப்படி எங்கள் பங்கான 20 சதவீதம் கழிந்தது. முதல் நாள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வெளிநோயாளிச் செலவு, அதற்குப் பாலிசியில் இடமில்லை என்றார்கள். அந்த விதி தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அதை நான் வாதாடவும் இல்லை. வட்டியோ, அலைச்சலுக்கு இழப்பீடோ கிடைக்கவில்லை.

பணம் வந்த பிறகும் எனக்கு ஒன்று மீதி இருந்தது. தவறான தகவல் தந்தோம் என்று அவர்கள் இன்றுவரை எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அதே எண்ணுக்கு நானே ஒருமுறை போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார், பொறுமையாகப் பேசினார். பயோமெட்ரா அறுவை சிகிச்சைக்குக் கவர் உண்டா என்றேன். உண்டு என்றார். எந்த விதியின்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “மேடம், எங்க திரையில முழு பாலிசி வராது. ஒரு பக்கச் சுருக்கம்தான் வரும். அதுல சர்ஜரின்னு இருந்தா இருக்குன்னு சொல்லுவோம்” என்றார்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. முந்தைய இருவர்மீதும் இப்போது இல்லை. விலக்கு விதிகளே இல்லாத ஒரு பக்கத்தை அவர்கள் முன்னால் வைத்து, நடு ராத்திரியில் நாயைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களுக்குப் பதில் சொல்லச் சொன்னது நிறுவனம். பதில் தவறிப்போனால் அது பொதுவான வழிகாட்டுதல் என்று எழுதுவதும் அதே நிறுவனம்தான். போனை எடுப்பவர்களின் திரையில் முழுப் பாலிசியும் வர வேண்டும், அவர்கள் சொன்ன பதிலை விதி எண்ணோடு அன்றே வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும் என்று குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். நகல் ஒன்றை ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் அனுப்பினேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன். வராவிட்டால் மறுபடியும் அவர்களுக்கு எழுதுவேன்.